சோலார் போட்டா புகை குறையுமா?

கேள்வி: எங்க பக்கம் கடை, பள்ளிக்கூடம்னு கூரையெல்லாம் சோலார் போடுறாங்க. இவ்ளோ புது டெக்னாலஜி வந்தும் உலகத்துல காபன் குறையலன்னுதானே சொல்றாங்க, அப்ப என்ன பிரயோசனம்?
- வாசகி, நோர்வூட்

பதில்: தங்கச்சி, புது மெசின் வந்தா மட்டும் புகை குறையாது, அது வந்து எந்தப் பழைய மெசின நிப்பாட்டுதுன்னுதான் பாக்கணும். உலகத்துல சோலார் பனல் விலை 2010க்குப் பிறகு பத்துல ஒரு பங்கா விழுந்துருச்சு, ஆனா கரண்ட் தேவையும் கூடிக்கிட்டே போறதால புதுசா வார கரண்ட் அதுக்கே சரியாப் போயிருது, நிலக்கரி அது பாட்டுக்கு எரியுது. நம்ம இலங்கையில நுரைச்சோலை மின் நிலையத்துல 300 மெகாவாட் வீதம் மூணு நிலக்கரி மெசின். ஒரு யூனிட் எடுக்க கிட்டத்தட்ட ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளிய போகுது.

சோலார் வாரது பகல்ல. நம்ம நாட்டுல கரண்ட் கூட இழுக்குறது சாயந்தரம் ஆறரைல இருந்து பத்தரை வரைக்கும், எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து லைட் போட்டு டீவி போட்டு புள்ளைங்க யூனிஃபோர்ம் அயன் பண்ற நேரம். 2025 சித்திரைப் புதுவருஷ லீவுல ஃபேக்டரியெல்லாம் மூடி தேவை விழுந்ததும், பகல்ல கூரை சோலார நிப்பாட்டி வைங்கன்னு மின்சார சபையே கேட்டுச்சு. அதப் படிச்சப்ப எனக்கு மனசே கேக்கல, கெடைக்கிற வெயில வேணாம்னுட்டு ராவைக்கு நிலக்கரி எரிக்கிறோமே.

இதுக்கு மருந்து உங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு, காசல்ரீ டேமும் மவுசாக்கலை டேமும். நிலக்கரி மெசின சட்டுன்னு ஏத்தி இறக்க ஏலாது, டேம் தண்ணியில ஓடுற மெசின நிமிஷக் கணக்குல ஏத்தலாம். அதனால பகல்ல சோலார ஓட விட்டு, அந்நேரம் திறக்குற தண்ணிய டேம்லயே புடிச்சு வச்சு ராவைக்கு விட்டா அந்த டேம்தான் நமக்கு பேட்டரி. மழை பொய்ச்சுப்போன வருஷத்துல இது இன்னும் பெருசு, தண்ணி இறங்க இறங்க எண்ணெயும் நிலக்கரியும்தானே கூட எரியுது. இப்படி ஓட்டணும்னா மேகம் மறைக்கப் போறத முன்னாலயே சொல்ற கணிப்பு வேணும், நல்ல லைன் வேணும், நேரத்துக்கு நேரம் கணக்குப் பாக்குற கன்ட்ரோல் சிஸ்டம் வேணும். இதெல்லாம் பனல் மாதிரி கண்ணுக்குத் தெரியாது, அதனாலயே யாரும் காசு போட யோசிக்கிறாங்க. எனக்கு கோவமே அதுலதான்.

கேள்வி: தோட்டத்து லயத்துல இருக்குற நாங்க என்ன செய்யலாம்?
- வாசகர், பொகவந்தலாவ

பதில்: லயத்து வீட்டுல எரியுறதே கொஞ்சூண்டு கரண்ட், அதையும் குறைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. 60 வாட் குண்டு பல்பு இன்னும் இருந்தா 9 வாட் எல்ஈடிக்கு மாத்துங்க, வெளிச்சம் அதே அளவு. அயன் பண்றத மட்டும் சோலார் கரண்ட் வார ஞாயித்துக்கெழமை பகலுக்குத் தள்ளி வைங்க.