வீட்டிலேயே கார் பிரேக்கில் ஏர் எடுக்க வேக்குவம் பம்ப் வேண்டுமா, ஆள் வைத்து மிதித்தாலே போதுமா?

கேட்டவர் நாகப்பட்டினம் பக்கம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்ன கார். பின் சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒன்றை மாற்றிய பிறகு பெடல் பொதபொதவென்று அமுங்குகிறதாம்.

மிதிக்க ஒரு ஆள் இருந்தால், ஆயிலை உறிஞ்சி இழுக்கிற வேக்குவம் பம்ப் வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல ரிங் ஸ்பேனருக்கும் புது பிரேக் ஆயிலுக்கும் போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஹேண்ட்பிரேக்கை நாலைந்து பல் இழுத்து வைத்துப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே நின்றால், பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியைக் குறைக்கிற அட்ஜஸ்டரைச் சரிசெய்யாமல் எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் பெடல் ஏறாது. சிலிண்டர் மாற்றும்போது ஷூவைக் கழற்றியிருப்பார்கள் என்பதால் இது அடிக்கடி நடக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்தும் பொதபொதப்பு அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஏர்தான்.

நம் ஊரில் வேலை கெடுவது பெரும்பாலும் பிளீடர் நிப்பிளில், அதாவது ஏரை வெளியேற்ற ஒவ்வொரு சக்கரத்திலும் திறக்கிற சின்னத் திருகில். நாகை, வேதாரண்யம் கடற்கரை ஓரத்து உப்புக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரிலும் ஓடுகிற வண்டியில், ரப்பர் மூடி போன நிப்பிள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஆயில் பாட்டிலைத் திறக்கும் முன்பே நான்கு நிப்பிளும் கழல்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரையின் அடியில் டபிள்யூடி-40 விட்டு வையுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ பட்டுவிடக் கூடாது. மறுநாள் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றுங்கள். ஓப்பன் ஸ்பேனர் இதற்கு ஆகாது, முனை மழுங்கிவிடும். ஆறு முனை ரிங் ஸ்பேனரோ பாக்ஸோதான் சரி. சின்ன கார்களில் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. நிப்பிள் உள்ளே முறிந்தால் பின்னால் வீல் சிலிண்டரோடு போகும், முன்னால் டிஸ்க்கைப் பிடிக்கிற காலிபரையே மாற்ற வேண்டிவரலாம். அசையவே இல்லையென்றால் பலம் காட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

நிப்பிளிலிருந்து ஆயிலைப் பாட்டிலுக்குக் கொண்டுபோக ஒரு டியூப் வேண்டும், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப்பிலேயே மெல்லிய ரகம், நிப்பிளில் இறுக்கமாக ஏறுகிற அளவு, ஒரு மீட்டர் போதும். பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குப் புது ஆயில் விட்டு, டியூப் நுனி அதில் மூழ்கி இருக்கட்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேலே ஏறி வளைந்து பிறகு பாட்டிலுக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் வெளியே வந்த குமிழ் திரும்பி நிப்பிளுக்குள் போகாது.

வண்டல் மண் வாசலில் ஜாக்கி புதையும். அடியில் தடித்த பலகை போட்டு, வண்டியை ஸ்டாண்டில் இறக்கி, தரையில் நிற்கிற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் கை விடுங்கள்.

என்ஜின் ஆஃபில் இருக்க, உள்ளே இருப்பவர் மூன்று நான்கு தடவை மெதுவாக மிதித்து, கடைசி மிதியை விடாமல் பிடிக்க வேண்டும். அவர் “பிடி” என்றதும் நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் வரும், பெடல் இறங்கும். பெடல் அடியில் இருக்கும்போதே மூடிவிட்டு, அதன்பிறகே “விடு” சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் எடுத்த ஏர் அப்படியே திரும்பிவிடும். படபடவென்று மிதித்தால் பெரிய குமிழ் பொடிக் குமிழாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். அதை எடுப்பது இன்னும் சிரமம்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாக சீல் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கலாம். சீல் அதன்மேல் உரசினால் கிழியலாம். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை ஒன்றை வைத்துவிடுங்கள்.

சிலிண்டர் மாற்றிய சக்கரத்தில் தொடங்கி மற்றவற்றையும் பாருங்கள். முழுதாக ஆயில் மாற்றுவதென்றால் வண்டிக் கையேட்டில் உள்ள வரிசைதான் சரி. அது கைவசம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரம் முதல். ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் பிரேக் ஆயில் டேங்கைப் பார்த்து நிரப்புங்கள். அது வற்றினால் மொத்த வேலையும் மறுபடி முதலிலிருந்து.

தனி ஆளாகச் செய்வதானால் ஒருவழி வால்வு உள்ள டியூப் பாட்டில் பரவாயில்லை. கை வேக்குவம் பம்ப்பில் ஒரு தொல்லை உண்டு: திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். டியூப்பில் குமிழ் ஓயவே ஓயாது, லைனில் இன்னும் ஏர் இருப்பதாக நினைத்து ஆயிலை வீணாக்குவீர்கள். மரையில் மட்டும், நுனியில் படாமல், டெஃப்ளான் டேப் சுற்றினால் குறையும். டேங்கிலிருந்து ஆயிலைக் காற்றழுத்தத்தால் தள்ளுகிற பிரஷர் பிளீடர் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் டேங்க் வாய்க்குப் பொருந்தும் மூடி கிடைக்க வேண்டும், அழுத்தமும் 1 பார் அளவிலேயே நிற்க வேண்டும். டயருக்கு அடிக்கிற காற்றை அதில் விட்டால் பழைய பிளாஸ்டிக் டேங்க் வெடிக்கலாம்.

ஆயில் டேங்க் மூடியில் போட்டிருக்கிற ரகமே வாங்குங்கள். டாட் 3 வண்டிக்கு டாட் 4 விடலாம். சிலிக்கான் ரகமான டாட் 5 கூடவே கூடாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், காற்றின் ஈரம் ஏறியபின் அதற்கான அளவுகோல் 155 டிகிரிதான். டெல்டாவின் சமதளத்தில் ஓடும்வரை அந்த வித்தியாசம் தெரியாது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகிப் பெடல் உள்ளே போகலாம். ஒரு சக்கரத்துக்குக் கால் லிட்டர், முழுதாக மாற்ற ஒரு லிட்டர் எடுத்து வையுங்கள். திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் இந்தப் புழுக்கத்தில் அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள். வேலையையும் மழை நாளில் தொடங்காமல் மாசி, பங்குனி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். கழிவு ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் டேங்க் வற்றி ஏர் அதன் மாடுலேட்டர் என்கிற வால்வுப் பெட்டிக்குள் போயிருந்தால், பெரும்பாலும் ஸ்கேனர் போட்டு உள்ளே உள்ள பம்ப்பை ஓட்டித்தான் எடுக்க முடியும். வீட்டில் எத்தனை மிதித்தும் வராமல் போகலாம்.

முடித்தபின் நிப்பிளை அளவாக இறுக்கி மூடி போடுங்கள். என்ஜினை ஓடவிட்டு பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நின்றால் தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் நான்கு சக்கரத்திலும் கசிவு தேடுங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.