பாஷில் சரியாக ஓடும் மழையளவு ஸ்கிரிப்ட், இசட்-ஷெல்லில் கூடலூரை விட்டுவிடுவது ஏன்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நான்கையும் அரேயில் (வரிசைப் பட்டியலில்) வைத்து லூப்பை 0 முதல் 3 வரை ஓட்டுகிறீர்கள். பாஷ், இசட்-ஷெல் இரண்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரல்கள்; ஆனால் உறுப்புகளை பாஷ் 0-இலிருந்து எண்ணும், இசட்-ஷெல் 1-இலிருந்து. எனவே முதலில் வெற்று வரி, கடைசியில் கூடலூர் இல்லை.

பழைய இசட்-ஷெல்லில் 0 கேட்டாலும் முதல் உறுப்பே வரும், அதாவது ஊட்டி இருமுறை. பிறகு மாற்றிவிட்டார்கள்: 0-ஐப் படித்தால் வெற்று, அதில் எழுதினால் பிழை. பழைய நடத்தையை நம்பிய ஸ்கிரிப்டுகள் உடையும்தான். ஆனாலும் மாற்றம் சரியே, ஊட்டி மழையை இரண்டு தரம் கூட்டுவது மோசம். பழையபடி வேண்டுமென்றால் ‘கேஎஸ்எச் ஜீரோ சப்ஸ்கிரிப்ட்’ ஆப்ஷன் உண்டு. அதுவும் கூடலூரை மீட்காது.

இசட்-ஷெல்லையும் 0-இலிருந்து எண்ணவைக்கும் ‘கேஎஸ்எச் அரேஸ்’ ஆப்ஷன் மீட்கும். அதை ஃபங்ஷனுக்குள், மாற்றத்தை அந்த ஃபங்ஷனோடு நிறுத்தும் ‘லோக்கல் ஆப்ஷன்ஸ்’ சேர்த்து மட்டும் போடுங்கள். தொடக்கக் கோப்பில் போட்டால், 1-இலிருந்து எண்ணுவதை நம்பிய பிளகின்கள் (கூடுதல் வசதி நிரல்கள்) குழம்பும். எண்ணே இல்லாமல் உறுப்புகள்மீது நேரடியாக லூப் ஓட்டினால் இரண்டிலும் ஓடும்.