பழைய பிராடோ எடுக்கலாமா?
தம்பி, ஏழு பேரோட மட்டக்களப்பு கிரான் பக்கம் வயலுக்கும் போகணும், டொயோட்டா பிராடோ ஜீப்புல பழைய 150 மொடல் டீசல் சரிவருமா எண்டு கேட்டிருந்தீங்க. சேத்துல லோ ரேஞ்ச் (மெதுவா, கூடுதல் இழுவையோட ஓடுற கியர்) போட்டா சும்மா ஏறிப் போகும், ஆனா 1கேடி எண்டுற 3.0 லீட்டர் இஞ்சின் எண்டா இன்ஜெக்டர் (டீசல் பீச்சுற குழல்) சீல் எப்ப மாத்தினது எண்டு முதல் கேளுங்க, அது லீக் ஆனா கரி ஒயிலுக்குள்ள இறங்கி சம்புக்குள்ள (இஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு) கிடக்கிற ஒயில் உறிஞ்சுற வலைய அடைச்சிரும், பிறகு ஒயில் ஏறாம இஞ்சினே போயிரும். ஒயில் மூடியக் கழட்டிப் பாருங்க, தார் மாதிரி கட்டி பிடிச்சிருந்தா விட்டுருங்க. கடைசி சீட்டுல பெரியாக்கள இருத்தேலாது, முழங்கால் நெஞ்சுல முட்டும், பிள்ளைகளுக்குத்தான். மழைக்கு புலிபாய்ந்தகல் றோட்டுல தண்ணி ஓடக்குள்ள 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணியத் தாண்டும் எண்டு கம்பனி சொன்னத நம்பி இறக்கிராதீங்க, இழுக்கிற தண்ணி வேற. பின்கதவும் பக்கவாட்டாத்தான் திறக்கும், டவுன்ல ஒட்டி நிப்பாட்டினா சாமான் இறக்கேலாது.