காணாமற்போன கணவருக்கு எந்தச் சான்றிதழைப் பெறுவது?

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கணவர் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்டேன். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. காணி உறுதி அவர் பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் மகனை நாங்களே கொன்றதாகிவிடும் என்று மாமி அழுகிறார். பதினெட்டு வயதான என் மகன், ஆடி அமாவாசை விரதம் பிடிக்கலாமா என்று கேட்கிறான். நான் என்ன செய்வது? - தென்மராட்சி வாசகி

பதில்: சகோதரி, கணவர் உயிருடன் கையளிக்கப்பட்டதைக் கண்ட சாட்சி நீங்கள். எந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போதும் இதை மறவாதீர்கள். மரணத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில், நீங்கள் காணாத ஒரு சாவை, அது நிகழ்ந்த இடத்தையும் காரணத்தையும் சேர்த்து, உண்மையென ஒப்புக்கொள்ள நேரலாம். பின்னொரு நாள் உங்கள் சொந்தச் சாட்சியத்துக்கு எதிராகவே அந்தத் தாளை நீட்டுவார்கள். சரணடைந்தோரின் உறவினர் வவுனியா மேல் நீதிமன்றத்தில், தம்மவரை நீதிமன்றில் முன்னிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தபோது அவர்களிடம் இருந்த பலம், கண்டதைக் கண்டபடி சொன்ன வார்த்தைதான்.

இறந்தார் என்று சொல்லாமலே அன்றாடக் காரியங்களைப் பார்க்க ஒரு வழி உண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம், காணக்கிடைக்காமைச் சான்றிதழை ஏற்படுத்தியது. காணாமற்போனோரைத் தேட அரசு சட்டப்படி அமைத்த காணாமற்போனோர் அலுவலகம் வழங்கும் அறிக்கையின் அடிப்படையில் பதிவாளர் நாயகம் இதை வழங்கலாம். இதைக்கொண்டு உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்கவும் அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் முடியும். ஆனால் இது வாரிசுரிமை அன்று. உறுதியை உங்கள் பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்ற வேண்டுமாயின், முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் உறுதியைக் காட்டுங்கள்.

அந்த அலுவலகத்தின் மீது நம்பிக்கையில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது சான்றிதழை அன்று, பிள்ளைகளை. ஆனாலும் சான்றிதழ் பெறுவதால் தேடல் முடிந்துவிடாது. இதை மாமிக்குப் பொறுமையாக, படிவத்தை வாசித்துக் காட்டியே விளக்குங்கள். பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுவில் அளித்த சாட்சியம் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் கொடுங்கள். அசல்கள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மாமியின் அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். சாவு வீட்டில் எட்டும் அந்தியேட்டியும் முடிந்தபின் துக்கம் மெல்ல இறங்குவதற்கு ஒரு படி இருக்கிறது. காணாமற்போனவரின் வீட்டில் அந்தப் படியே இல்லை. உளநலத் துறையினர் இதைத் தெளிவற்ற இழப்பு என்பர். 1990 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் பதிவான 16,000க்கும் மேற்பட்ட காணாமற்போனோரில் 5,000க்கும் அதிகமானோர் படையினர் என்பதால், சிங்களக் கிராமங்களிலும் இதே மாதிரிக் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் அவர்களையும் உள்ளடக்கியிருப்பது சரியானது என்றே நான் கருதுகிறேன்.

மகனின் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. கீரிமலைக்குப் போய்த் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது, அவர் இல்லை என்று ஊரறியச் சொல்வதாகும். அதைச் செய்யும்படியோ தவிர்க்கும்படியோ அவனை எவரும் நெருக்கக் கூடாது. அந்த நாளில் தகப்பனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, அவரைப் பற்றி நீங்கள் அறிந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். இரண்டு வயதில் பிரிந்தவனுக்கு அவர் முகம்கூட நினைவிருக்காது. அவன் உறக்கம் குலைந்தாலோ படிப்பில் மனம் ஒன்றாமல் போனாலோ, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாமி சம்மதித்தால் அவரையும் கூட்டிச் செல்லலாம்.