ஹேண்ட்ஷேக் வருகிறது, ஃபைல் திறக்கவில்லை

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலும் பினாங்கு ஜார்ஜ்டவுன் கிளையிலும் தலா ஒரு ராஸ்பெர்ரி பை (சிறு கணினி) வைத்து, இரண்டையும் இணையம் வழியாக இணைக்க வயர்கார்ட் விபிஎன் போட்டிருக்கிறோம். ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது) வருகிறது. ஆனால் பினாங்கு கணினிகளில் கோலாலம்பூர் என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபைல் சேமிப்பகம்) திறக்கவில்லை. சற்று நேரம் சும்மா விட்டால் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு பையையே எட்ட முடிவதில்லை. இரண்டு இடத்திலும் ரவுட்டர் முகவரி 192.168.0.1.

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் முதல் கோளாறு இருக்கிறது. ஹேண்ட்ஷேக் வந்தால் சாவிகளும் யுடிபி பாதையும் (வயர்கார்ட் பாக்கெட்டுகள் போகும் வழி) சரி, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் 192.168.0 என்றால், பினாங்கு கணினி என்ஏஎஸ்ஸை அதே கட்டடத்துக்குள் தேடும். பாக்கெட் டனல் (வயர்கார்ட் இணைப்பு) பக்கமே போகாது. கோலாலம்பூரை 192.168.10.0/24 என்றும் பினாங்கை 192.168.20.0/24 என்றும் மாற்றுங்கள். வேலைதான், ஆனால் குறுக்குவழி தேடாதீர்கள்.

அடுத்து வயர்கார்ட் அமைப்புக் கோப்பில் உள்ள அலவுட்ஐபிஸ் வரி. இது அனுமதிப் பட்டியல் மட்டுமல்ல, வழிகாட்டியும்கூட. கோலாலம்பூர் பையில் பினாங்கு பியருக்கு (எதிர்ப்பக்கப் பை) 10.8.0.2/32 (டனலுக்குள் அதன் முகவரி), 192.168.20.0/24, பினாங்கு பையில் கோலாலம்பூர் பியருக்கு 10.8.0.1/32, 192.168.10.0/24. பின்னாளில் மூன்றாவது கிளை சேர்த்து, அதே எண்வரிசையை இரண்டு பியருக்குக் கொடுத்தால் கடைசியாக எழுதியதே நிற்கும். முதல் கிளை சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

இரண்டு பையிலும் ஐபி ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டை ஒரு நெட்வொர்க்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் அமைப்பு) 1 ஆக்குங்கள். ஒவ்வொரு ரவுட்டரிலும் எதிர்க் கிளைக்கான ஸ்டாட்டிக் ரூட்டை (நிலையான வழிக் குறிப்பு) அங்குள்ள பை நோக்கிப் போடுங்கள். பலர் ஒரு பக்கம் மட்டும் போடுவார்கள். கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பி வராது.

சும்மா இருந்தால் அறுவது நேட் (பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டர் வேலை) விவகாரம். போக்குவரத்து இல்லையென்றால் பினாங்கு ரவுட்டர் அந்த யுடிபி வழியை மறந்துவிடும். பினாங்கு பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (குறித்த இடைவெளியில் சிறு பாக்கெட் அனுப்பும் அமைப்பு) 25 விநாடி வைத்தால் வழி திறந்தே இருக்கும். கோலாலம்பூரில் வயர்கார்ட் கேட்கும் 51820 யுடிபி போர்ட்டை பைக்குத் திருப்பியிருக்க வேண்டும். அந்த ரவுட்டரின் வான் (இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநேட்டுக்கு (இணைய நிறுவனமே பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரி தரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் திருப்பிப் பயனில்லை. பொது ஐபி கேளுங்கள், இல்லையேல் டெய்ல்ஸ்கேல் (போர்ட் திருப்பாமலே இணைக்கும் வயர்கார்ட் சேவை) பக்கம் மாறுங்கள்.

சின்ன ஃபைல் வந்து பெரியது பாதியில் நின்றால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) கோளாறு. பிபிபிஓஇ லைனில் (பயனர்பெயர் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) அது 1492. டனல் ஐபிவி6 வழியாகப் போனால் வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்க்கும் உறை 80 பைட், ஆகவே 1412 வையுங்கள். ஐபிவி4இல் உறை 60தான், வழக்கமான 1420 போதும்.

மின்தடைக்குப் பின் ஹேண்ட்ஷேக்கே வரவில்லையென்றால் பையின் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் பின்னோக்கிப் போயிருந்தால், பழைய பாக்கெட்டை யாரோ திரும்ப அனுப்புவதாக எண்ணி எதிர்ப்பக்கம் நிராகரிக்கும். பழைய பை மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் இல்லாததால், நேரத்தை டனலுக்கு வெளியே இணையத்திலிருந்தே எடுக்கும்படி அமையுங்கள்.