மறு: செங்கல்பட்டு – கிண்டி, பெட்ரோலுக்கே சம்பளம் போகிறது

நண்பரே, கிண்டி தொழிற்பேட்டைக்குத் தினமும் பைக்கில் போய்வர மாதம் ஐயாயிரம் ஆகிறது என்கிறீர்கள். ஆகத்தான் செய்யும். போக வர 90 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கே தினம் 2 லிட்டர் வேண்டும்.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஐந்து மணிக்கு எழுந்து ஓடாதீர்கள். பங்கில் தொட்டி தரைக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறாது. தூங்குங்கள்.

உங்கள் ஊரிலிருந்து கிண்டி வழியாகச் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் வரை புறநகர் ரயில் ஓடுகிறதே! இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான், மொபைலிலேயே எடுக்கலாம். ஸ்டேஷனில் பைக் நிறுத்தும் கட்டணத்தைச் சேர்த்தாலும் இப்போதைய செலவில் பாதிகூட வராது. காலையில் கூட்டம் நெரியும், அது உண்மை. ஆனால் செங்கல்பட்டில் புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரவு ஷிஃப்ட் நாட்களுக்கு மட்டும் பைக்கை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் காற்று பாருங்கள்.

அப்புறம், மனைவி ஷேர் ஆட்டோவில் போவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வழியில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ் இருந்தால் அதில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.