இந்து மதத்தைத் தோற்றுவித்தவர் யார்? அதன் ஒரே புனித நூல் எது?

இதே கேள்வியோடு போன மாதம் என் அக்கா மகன் வந்து நின்றான். ஆறாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள்: மதம், நிறுவனர், புனித நூல். பௌத்தம், கிறித்தவம், இஸ்லாம் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிவிட்டான். இந்து மதத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "மாமா, இதுக்கு யார் பெயரை எழுதுவது?"

யார் பெயரையும் எழுத முடியாது. 'இந்து' என்பதே முதலில் மதத்தின் பெயர் அல்ல. சிந்து நதியைப் பாரசீகர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப 'ஹிந்து' என்றார்கள். நதிக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மதத்தின் பெயராக அது நிலைபெற்றது வெகு காலம் கழித்து. அப்பரிடம் "நீங்கள் இந்துவா?" என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

நூல்களில் மூத்தது ரிக் வேதம். 10 மண்டலங்கள், 1028 பாடல்கள். கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையில் உருவானவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. எழுதி வைக்காமல், சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்து ஓதியே காப்பாற்றினார்கள். குறுந்தொகைத் தலைவன் தன் பார்ப்பனத் தோழனிடம் 'எழுதாக் கற்பு' என்று குறிப்பிடுவது, அதாவது எழுதாமல் கற்கும் கல்வி, இதைத்தான். பிறகு உபநிடதங்கள், இதிகாசங்கள், புராணங்கள் என்று அடுக்கின்மேல் அடுக்கு. சிந்துவெளி முத்திரையில் சிவனைப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த எழுத்தைப் படித்துக் காட்டும்வரை நான் அந்தப் பந்தயத்தில் காசு கட்ட மாட்டேன்.

ஆனால் ரிக் வேதத்தில் இருப்பது வேள்வித் தீ, கோயில் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் நான் சிறு வயது முதல் பார்த்துவரும் அபிடேகத்துக்கும் கொடியேற்றத்துக்கும் விதி சொல்பவை ஆகமங்கள். மூல ஆகமங்கள் 28 என்பது சைவ மரபின் கணக்கு. அவற்றின் ஓலைச்சுவடிகளையும் படிகளையும் 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தது. புதுச்சேரியில் உள்ள இந்தச் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

'ஒரே நூல்' என்று தேடியவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதற்கும் புதுச்சேரியில் ஒரு கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப்படி ஒன்று இங்கிருந்து பிரான்சுக்குப் போனது. யஜுர் வேதத்தை நினைவூட்டும் பெயர். உள்ளே வியாசருக்கும் சுமந்துவுக்கும் உரையாடல். சிலை வழிபாட்டுக்குக் கண்டனம். 1760-இல் அது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்ட்டேர் கைக்குக் கிடைத்தது. கிறித்தவத்துக்கு முந்தைய ஞானம் அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்து, மறு ஆண்டே அரச நூலகத்தில் சேர்ப்பித்தார். 1778-இல் அச்சாகியும் விட்டது. கடைசியில் பார்த்தால், பாதிரியார்கள் மதம் பரப்பத் தயாரித்த போலி! சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ், குறளுக்கு உரை எழுதியவரேதான், புதுச்சேரியில் இருந்த சுவடிகளைப் பார்த்து இதை வெளிப்படுத்தினார். அவர் கட்டுரை 1822-இல், அவர் இறந்த பிறகு, வெளிவந்தது. எழுதியது எந்தப் பாதிரியார் என்ற வாதம் மட்டும் அப்புறமும் ஓயவில்லை.

இனி என் மாவட்டப் பெருமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். அங்கே வந்த அடியார்கள் 'ஆராவமுதே' பதிகத்தைப் பாடி 'ஆயிரத்துள் இப்பத்தும்' என்று முடிக்க, "மீதி எங்கே?" என்று தேடிப் போனார் என்பது வைணவ மரபு. சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் திறந்தபோது கறையான் தின்றது போக மிஞ்சியதே கிடைத்தது என்பது சைவ மரபு. இரண்டு ஊரும் கடலூர் மாவட்டம். அந்தத் தேவாரத்தைப் பாடிய மூவரில் ஒருவரான அப்பர், தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்ததும் எங்கள் பாதிரிப்புலியூரில்தான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கரையேறிய இடம் என்று இன்றும் எங்கள் பக்கம் காட்டுவார்கள். தமிழ்நாட்டுப் பக்தருக்கு வேதம் எட்டாத உயரத்தில் இருந்தது. வாயில் இருந்தது இந்தப் பாட்டுகள்தான். தேவாரத்தைத் தமிழ் வேதம் என்று சும்மா சொல்லவில்லை.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டான். ஆனாலும் நிறுவனர் கட்டத்தில் 'இல்லை' என்றும், நூல் கட்டத்தில் 'வேதம், ஆகமம், தேவாரம், பிரபந்தம்' என்றும் நுணுக்கி எழுதினான். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் வழிந்தது. மறுநாள் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'ஒன்று மட்டும் எழுதவும்.'